தென்னமரத்தில் செம்பனை நட்ட பிரெஞ்சுத் துரை

கோல சிலாங்கூருக்கு வெளியூர் உறவினர் வந்தால் அழைத்துப் போகும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பகலில் புக்கிட் மலாவத்தி, அங்கே கையிலிருப்பதைப் பிடுங்க வரும் குரங்குகள், 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்ப்பது. திரும்பும் வழியில் மீன் சாப்பாடு. அதோடு ஊர் முடிந்துவிடுகிறது. புக்கிட் ரோத்தானிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் சாலையில் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறவர்கள்கூட அங்கே நிற்கும் செம்பனையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செம்பனையில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை பயிரிடப்பட்டது இந்தப் பக்கத்தில்தான். இடம் தென்னமரம் தோட்டம், ஆண்டு 1917. பயிரிட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் பிரான்சின் பெருமைக்குரிய கொன்கூர் இலக்கியப் பரிசை அவருக்கு வாங்கித் தந்ததும் இந்த மண்ணைப் பற்றி அவர் எழுதிய நாவல்தான். செம்பனையின் முதல் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர். அந்த வேடிக்கையைக் கவனித்தவர்கள் அதிகமில்லை.

ஃபொகோனியே 1879 பிப்ரவரி 26-ஆம் தேதி பிரான்சின் தென்மேற்கே பார்பெசியே என்ற சிறு ஊரில் பிறந்தார். கொன்யாக் எனும் திராட்சை மதுவுக்குப் பேர்போன வட்டாரம் அது. அவருடைய தந்தையும் அந்தத் தொழிலில்தான் இருந்தார். வீட்டில் பிள்ளைகள் பலர், எல்லாருக்கும் படிப்பிலும் இசையிலும் நாட்டம். தந்தை மறைந்தபின் இளைஞர் ஹென்றி இங்கிலாந்துக்குப் போய் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்பித்தார். அவருக்கு எழுத வேண்டும் என்ற ஆசை. எழுத ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும். கீழை நாட்டில் பயிர்த்தொழில் செய்தால் விரைவில் பணம் சேர்க்கலாம் என்று கேள்விப்பட்டு 1905-இல் கப்பலேறினார். புறப்படும்போது மனத்தில் இருந்தது போர்னியோவும் சவ்வரிசியும். சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையில் காசு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பால்மரத்துக்காகப் பாதையை மாற்றிக்கொண்டார்.

கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தொழில் பழகினார். மலாயும் தமிழும் கற்றார். இந்த இரண்டாவது மொழி அவருடைய விருப்பம் மட்டுமல்ல, தொழிலின் கட்டாயமும்கூட. அன்றைய பால்மரத் தோட்டங்களில் காடு வெட்டியது, வடிகால் தோண்டியது, பால் வெட்டியது பெரும்பாலும் தமிழர்கள். தமிழ் தெரியாத துரையால் பெரட்டுக்களத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கங்காணி சொன்னதைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் வாங்கினார். 1906-இல் அங்கே எழும்பியது ஒரு நீண்ட வீடு. ஊரிலிருந்து நண்பர்கள் சிலரை வரவழைத்துத் துணைக்கு வைத்துக்கொண்டார். காலமும் கைகொடுத்தது. 1910-இல் ரப்பர் விலை கண்டபடி ஏறியது. ஐரோப்பாவில் பங்கு வாங்க ஆட்கள் முண்டியடித்தார்கள். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர் சில ஆண்டுகளிலேயே நிறுவனத் தலைவரானார்.

அதே 1910-இல்தான் மலாயாவில் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். புதிதாகக் காடழித்த இடங்களில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. அந்தச் சாவுகளைக் குறைக்க டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் நடத்திய ஆய்வுகள் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றன. செத்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ரப்பர் விலையேற்றத்தின் கதையை இந்தப் பக்கம் சேர்க்காமல் சொல்வது பாதிக் கதைதான்.

செம்பனை ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழிவந்தவை சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் பரவியிருந்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த வேளாண் வல்லுநர் அட்ரியன் ஹாலே அங்கே அவற்றைத் தோட்டப் பயிராக்கத் தொடங்கினார். ஃபொகோனியே அவருடைய நண்பர். 1911 வாக்கில் அங்கிருந்து விதைகள் ரந்தாவ் பாஞ்சாங் வந்தன. முதலில் அழகு மரங்களாகவே வளர்ந்தன. குன்றின் மேல் பின்னர் அவர் கட்டிய வீட்டுக்குப் பனைகளின் இல்லம் என்றே பெயர். தென்னமரம் தோட்டத்தில் காப்பி சரியாக வராமல் போனபோது, 1917-இல் அதனிடத்தில் செம்பனை நடப்பட்டது. மற்றத் துரைமார்கள் ரப்பரைத் தவிர வேறெதையும் நினைக்காத காலம் அது. அவர்களில் பலர் ரப்பர் விலை சரிந்த பிறகே செம்பனையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கிடையே முதல் உலகப் போர். 1914-இல் ஃபொகோனியே பிரான்சுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்து பதுங்குகுழிகளில் கிடந்தார். 1917-இல் திருமணம். போர் முடிந்தபின் குடும்பத்தோடு மறுபடி மலாயா வந்தார். 1925-இல் துனீசியாவின் ரதேஸ் என்ற ஊரில் குடியேறினார். எழுதுவதற்கு வேண்டிய பணமும் ஓய்வும் இப்போது இருந்தன. ஆனால் எழுத வந்த விஷயமோ அவர் விட்டு வந்த இடம்தான்.

1930-இல் வெளியான அந்த நாவலின் பெயர் மலேசி. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. போர்முனையில் சந்தித்த ஒருவரைத் தேடித் தோட்டத்துக்கு வரும் பிரெஞ்சு இளைஞன் கதை சொல்கிறான். காடும் ஆறும் மலாய்ப் பந்துன்களும் நிறைந்த புத்தகம் அது. தோட்டத்துத் தமிழர்களும் வருகிறார்கள்: அதிகாலைப் பெரட்டு, லயம், இளைஞன் தட்டுத் தடுமாறிக் கற்கும் தமிழ். அன்றைய வெள்ளைத் துரைமார்களின் கர்வத்தை ஃபொகோனியே கிண்டல் செய்கிறார். இருந்தாலும் அவரும் துரைதான். தமிழர்களை அவர் பார்ப்பது பங்களா வராந்தாவிலிருந்து. முக்கியமாகத் தமிழ்ப் பெண்ணை அவர் காட்டும் விதம் இன்றைய வாசகரைச் சங்கடப்படுத்தும். அப்படியும் இந்த வட்டாரத்தின் பழைய விடியற்காலைகளை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தவர்கள் குறைவு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1933-இல் அவருடைய தங்கை ஜெனெவியேவ் தன் நாவலுக்கு ஃபெமினா பரிசு பெற்றார். பார்பெசியேயில் அவருடைய பால்ய நண்பரும் ஷார்தோன் என்ற புனைபெயரில் பெரிய எழுத்தாளரானார். ஃபொகோனியே அதற்குப்பின் அதிகம் எழுதவில்லை. பிரான்சிலேயே மூப்படைந்து, 1973-இல் தமது 94-ஆம் வயதில் காலமானார். அதற்குள் மலேசியாவில் பால்மரக் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனைக் காடுகளாக மாறத் தொடங்கியிருந்தன.

2017-இல் நாடு செம்பனையின் நூறாண்டைக் கொண்டாடியபோது தென்னமரத்தின் பெயரும் ஃபொகோனியேயின் பெயரும் மறுபடி அடிபட்டன. குழி தோண்டியவர்கள், கன்று சுமந்தவர்கள் யாருடைய பெயரும் அடிபடவில்லை. அப்படி ஒரு பட்டியலை யாரும் தேடவும் இல்லை. வட சிலாங்கூரில் சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய கதையும் இந்த நூற்றாண்டுக்குள் அடங்கியதுதான்.

பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. தென்னமரம் பெயர் மாறவில்லை. அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. லயத்தில் பிறந்து பெரட்டில் நின்ற முதியவர்கள் சிலர் இன்னும் அக்கம்பக்கத்துத் தாமான்களில் இருக்கிறார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்று கேட்டால், அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியும்.