கார்பெட்டும் துப்பாக்கியும்

புக்கிட் ரம்பாயில் பன்றி வேட்டைக்குப் போய்வந்த பெரியவர்கள் துப்பாக்கியின் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். விலை உயர்ந்ததுதான் நல்ல துப்பாக்கியா? ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

கார்பெட் 1875இல் இமயமலை அடிவாரத்து நைனித்தாலில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் முதலில் ஏந்தியது, ஒரு குழல் பிளந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதை வைத்தே காட்டைக் கற்றார்.

1907இல், 436 உயிர்களைப் பலிகொண்ட சம்பாவத் பெண்புலியைத் தேடிச் சென்றார். கொண்டுபோன மூன்று தோட்டாக்களும் தீர்ந்தன. காயம்பட்ட புலியோ இன்னும் சாகவில்லை. உடன் வந்த தாசில்தாரின் பழுதடைந்த துப்பாக்கியை வாங்கி, அருகில் நெருங்கிச் சுட்டு முடித்தார்.

அதற்குப் பரிசாக துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்கு .275 ரிக்பி ரைபிளை அளித்தார். யானை வேட்டைக்கான கனரகத் துப்பாக்கியல்ல அது. மலையேறும் தோளுக்கு இலேசானது, குறி தவறாதது. 1926இல், 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுவே.

பிற்காலத்தில் அவர் அதிகம் ஏந்தியது கேமராவைத்தான். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றார். 1955இல் கென்யாவில் மறைந்தார். அப்பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, துப்பாக்கியின் தரத்தை விலைச்சீட்டு சொல்லாது. சுமப்பவனின் தோளும், எப்போது சுடக்கூடாது என்றறிந்த மனமும்தான் சொல்லும்.