ஏழைக்கும் அளவெடுத்து வீடு கட்டிய லாரி பேக்கர்

தையற்காரர் சட்டை தைக்குமுன் நம்மை நிற்க வைத்து அளவெடுக்கிறார். வீடு கட்டுவோர் அப்படி அளவெடுப்பதுண்டா? நம் சுபாங் ஜெயாவைப் பாருங்கள். சீஃபீல்டு தோட்டத்து ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில், 1970களில் தொடங்கி வரிசை வரிசையாய் ஒரே அச்சு வீடுகள் எழுந்தன. தோட்டத்து லயன் வீடுகளும் அப்படியே. உனக்கு எத்தனை பிள்ளை, ஆடு மாடு உண்டா என்று எந்தத் துரையும் கேட்டுக் கட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கேட்டுக் கட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் லாரி பேக்கர்.

1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனமில்லாமல், மருத்துவத் தொண்டராகச் சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்துக் கிடந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஏழையின் வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அது பேக்கர் மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

1945இல் தொழுநோயாளருக்கு உழைக்கும் சங்கத்தின் கட்டடக்கலைஞராக இந்தியா வந்தார். 1948இல் எலிசபெத் என்ற கேரளத்து மருத்துவரை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகட்டில் 16 ஆண்டு தங்கி, மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். பேக்கர் உண்மையில் படித்தது அங்கேதான் என்று சொல்லலாம். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு, குளிருக்கும் சரிவுக்கும் ஏற்றபடி மலைமக்கள் கட்டியிருந்த வீடுகளைப் பார்த்து, கல்லூரிப் படிப்பை ஒதுக்கி வைத்துக் கற்றுக்கொண்டார்.

1963இல் கேரளத்து வாகமண்ணுக்கும், பிறகு திருவனந்தபுரத்துக்கும் வந்தார். வீடு கேட்டு வருபவரிடம் முதலில் குடும்பக் கதையைக் கேட்பார். எத்தனை பேர், சமையல் எப்படி, கையில் எவ்வளவு காசு! பிறகு நிலத்தைப் போய்ப் பார்ப்பார். மரம் நின்றால் வெட்டச் சொல்லமாட்டார். சுவர்தான் வளைந்து போகும். பழைய கடித உறைகளின் முதுகில்தான் படம் வரைவார். வளர்ச்சி ஆய்வு மையத்தை 1970களில் உள்ளூரில் கட்டியபோதும், குன்றைச் சமமாக்காமல் சரிவின் போக்கிலேயே கட்டடங்களை அமைத்தார்.

பூந்துறை மீனவர்க்கு 1970களின் நடுவில் அவர் கட்டிய வீடுகள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. வீடுகளை நேர்கோட்டில் நிறுத்தாமல் முன்பின்னாகத் தள்ளி வைத்தார். ஒரு வீடு மற்றொன்றின் காற்றை மறைக்காது, கடலும் தெரியும். இடையில் விழுந்த முற்றங்களில் வலை உலர்த்தலாம், பிள்ளைகள் விளையாடலாம். கூடுதல் செலவு ஒன்றுமில்லை, யோசனைதான் கூடுதல். லயன் வீட்டை அப்படிச் சற்றே தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

செலவைக் குறைக்கவும் வழி வைத்திருந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விடுவது எலிப்பொறிக் கட்டு. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். கான்கிரீட் கூரைக்குள் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும். சன்னலுக்குப் பதில் செங்கல்லில் துளை துளையாய் ஜாலிச் சுவர். கொசு வராதா என்று கேட்பீர்கள். வரும்தான்! நம் ஊர்ச் சாய்மழைக்கும் அது அப்படியே ஒத்துவராது. பேக்கரே இங்கு வந்திருந்தால், கால் வைத்து உயர்த்திய மலாய்க் கம்பத்து வீட்டைத்தான் முதலில் போய்ப் பார்த்திருப்பார்.

1989இல் இந்தியக் குடியுரிமையும், 1990இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2007 ஏப்ரல் 1ஆம் நாள் தமது 90ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். 1985இல் அவர் துணையோடு தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பினர், அவர் முறையில் இன்றும் கேரளத்தில் வீடு கட்டிக் கொடுத்து வருகிறார்கள்.