கந்தகத்துக்கு இரண்டு உருவம்!
(அறிவியல் அறிஞர் வரலாறு)



எய்ல்ஹார்ட் மிட்ஷெர்லிக் 1794ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி ஜெர்மனியில் நொயெண்டே என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். மிட்ஷெர்லிக் முதலில் படித்தது அறிவியல் இல்லை, பாரசீக மொழி! நெப்போலியன் பாரசீகத்துக்கு அனுப்பும் தூதுக்குழுவோடு போகணும் என்பது அவர் ஆசை. அதற்காக 1813இல் பாரிசுக்குப் போனார். அடுத்த வருஷமே நெப்போலியன் பதவி இழந்தார். ஆசை நடக்கலை.

அவர் சும்மா இருக்கவில்லை. டாக்டரானால் கிழக்கு நாடுகளுக்குப் போகலாமே என்று மருத்துவம் படித்தார். அங்கேதான் வேதியியல் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போது பிரான்சின் பெரிய அறிஞர் அயூயி, ஒரு பொருளுக்கு அதற்கே உரிய ஒரு படிக வடிவம்தான் உண்டு என்று சொல்லியிருந்தார். எல்லாரும் அதை நம்பினார்கள். மிட்ஷெர்லிக் 1819இல், வெவ்வேறு உப்புகளுக்கு ஒரே வடிவம் வரலாம் என்று காட்டினார். 1823இல் கந்தகத்தை எடுத்துக்கொண்டார். கரைசலில் இருந்து வந்த கந்தகப் படிகம் ஒரு மாதிரி இருந்தது. உருக்கி ஆறவைத்தால் ஊசி ஊசியாக வேற மாதிரி வந்தது. இரண்டும் சுத்தமான கந்தகம்தான்!

எப்படி? நாம் காலையில் பிரேயருக்கு வரிசையாக நிற்கிறோம். மத்தியானம் சத்துணவுக்கு வட்டமாக உட்காருகிறோம். ஆள் மாறலை, அடுக்குதான் மாறுது. கந்தக மூலக்கூறில் 8 அணுக்கள் வளையமாக இருக்கும். அந்த வளையங்களை அடுக்கும் விதம் மாறினால் படிகமும் மாறும். சுமார் 95 டிகிரி செல்சியசுக்கு மேலே ஊசிக் கந்தகம் நிலைத்து நிற்கும். ஆறியதும் அது மெதுவாகப் பழைய அடுக்குக்கே திரும்பும். அப்போது பளபளப்பு போய் மங்கிவிடும்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 1998இல் எய்ட்ஸ் நோய்க்கான ரிட்டோனாவிர் கேப்சூலுக்குள் திடீரென்று புது அடுக்கு உண்டானது. மருந்து அதேதான், ஆனால் சரியாகக் கரையவில்லை. அந்தக் கேப்சூலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நோயாளிகள் எவ்வளவு தவித்திருப்பார்கள்!

பெர்லினில் பேராசிரியராக இருந்த மிட்ஷெர்லிக் 1863ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28இல் காலமானார்.

தோழிகளே! நினைத்த படிப்பு கிடைக்கலை என்றால் அழாதீங்க. கந்தகத்துக்கே இரண்டு உருவம் இருக்கும்போது நமக்கு ஒன்றுதானா இருக்கும்?

– 9ஆம் வகுப்பு மாணவி