நாடற்றோருக்கு ஒரு கடவுச்சீட்டு தந்தவர்

நோர்வேயின் இன்றைய தலைநகரான ஒஸ்லோவின் அருகே 1861ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்தவர் பிரித்யோவ் நான்சன். 1888இல் கிறீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்காகக் கடந்து புகழீட்டிய துருவ ஆய்வாளர். எனினும், அகதிகள் அவரை நினைப்பது வேறொரு பணிக்காகவே.

முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்தபோதும் அதில் சிறைப்பட்டோரின் துயர் ஓயவில்லை. சர்வதேச சங்கத்தின் வேண்டுகோளை ஏற்ற நான்சன், 1920 முதல் 1922 வரை 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைத் தாயகம் சேர்ப்பித்தார். 1921இல் அகதிகளுக்கான உயர் ஆணையாளரானார்.

அவ்வாண்டின் இறுதியில் சோவியத் அரசு, புரட்சியின் பின் வெளியேறியோரின் குடியுரிமையைப் பறித்தது. இலட்சக்கணக்கானோர் எந்த எல்லையையும் முறைப்படி கடக்க இயலாது தவித்தனர். அவர்களுக்காக 1922இல் நான்சன் முயன்று பெற்றுத்தந்த அடையாளப் பத்திரமே நான்சன் கடவுச்சீட்டு. அது குடியுரிமை தரவில்லை. தொடக்கத்தில், வழங்கிய நாட்டுக்கு மீளும் உரிமையையும் தரவில்லை. ஆயினும் நாடிழந்தவனும் சட்டத்தின் முன் ஒரு மனிதனே என அது சான்று பகர்ந்தது. 1924இல் ஆர்மேனியருக்கும் அது கிட்டியது. காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன.

1922இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற நான்சன், 1930 மே 13இல் மறைந்தார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனப்படி இன்று நம்மிற் பலர் கையில் வைத்திருக்கும் பயணப் பத்திரம், அவர் விட்டுச்சென்ற கடவுச்சீட்டின் வழித்தோன்றலேயாகும்.