தத்துவ போதகர்

சமயங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வழியிற் பரவியுள்ளன. ஐரோப்பாக் கண்டத்தில் ஹங்கேரி நாட்டை ஆண்ட ஸ்டீபன் என்னும் அரசர், ஏறத்தாழக் கி.பி. 1000-இல் முடிசூடி, ஆணையாலும் சட்டத்தாலும் கிறித்தவ சமயத்தைத் தம் நாட்டில் நிலைநாட்டினார். மதுரையிலோ அச்சமயத்திற்கு அத்தகைய அரசாணை வாய்த்திலது. அயல்நாட்டுத் துறவி ஒருவர் தமிழையே துணையாகக் கொண்டு அதனை ஈண்டு வேரூன்றச் செய்தார். அவரே தத்துவ போதகர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி.

இத்தாலி நாட்டு உயர்குடி ஒன்றில் 1577-ஆம் ஆண்டு தோன்றிய நொபிலி, செல்வ வாழ்வைத் துறந்து இயேசு சபையிற் சேர்ந்தார். 1605-இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டு மதுரைக்கு வந்தார். அவர்க்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் முதிய பாதிரியார் அந்நகரிற் பள்ளியும் மருத்துவசாலையும் நடத்தி வந்தார். ஆயினும், அவருடைய உபதேசம் மதுரை மக்களிடம் பயன் தரவில்லை. காரணம் யாது? ஐரோப்பியரின் உணவும் ஒழுக்கமும் இந்நாட்டார்க்கு அருவருப்பை ஊட்டின. மக்கள் அவர்களைப் பரங்கியர் என இகழ்ந்தனர். அவர்தம் சமயத்தைத் தழுவினால் குலமும் வழக்கமும் கெடும் என அஞ்சினர்.

இதனை உணர்ந்த நொபிலி தம் வாழ்க்கைமுறையை அடியோடு மாற்றிக்கொண்டார். காவியுடை உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், புலாலை நீக்கி, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். தமிழைத் திருந்தக் கற்றார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். கற்றோர் பலர் அவர் குடிலை நாடி வந்து, கடவுள், உயிர், மறுபிறப்பு ஆகியவற்றைக் குறித்து வாதம் புரிந்தனர். சிலர் அவர்பால் உபதேசமும் பெற்றனர்.

அவர்க்குப் பெருந்துன்பம் நேர்ந்தது தம்மவராலேயே! குடுமியும் பூணூலும் சந்தனமும் சமயத்திற்கு மாறானவை எனப் பெர்னாண்டசு முறையிட்டார். 1619-இல் கோவாவிற் கூடிய குருமார் அவையிலும் எதிர்ப்பு வலுத்தது. அவை நாட்டு வழக்கங்களேயன்றிச் சமயக் குறிகள் ஆகா என நொபிலி விரிவாக எழுதி வாதாடினார். இறுதியில், 1623-இல் போப்பரசர் பதினைந்தாம் கிரெகோரி அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார்.

அதன்பின் அவர் திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்களுக்குச் சென்று தொண்டாற்றினார். இன்று நாம் மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி வழியே திருச்சிராப்பள்ளிக்குச் சில மணி நேரத்திற் சென்றுவிடுகிறோம். பேருந்தும் புகைவண்டியும் இல்லாத அக்காலத்தில் அத்தொலைவு எளிதிற் கடக்கற்பாலதோ? 1640-இல் மதுரையிற் சிறைவாசமும் அவர்க்கு நேர்ந்தது.

அவர் செயலிற் குறை காண்போரும் உளர். உயர்குலத்தாரை ஈர்க்க விரும்பிய அவர், சாதி வேற்றுமையை உலக வழக்கு என்று கொண்டு அதற்கு இடங்கொடுத்தார். அதனால் ஒரே சமயத்தாருள்ளும் பிரிவு நிலைத்தது. எளிய மக்களிடையே தொண்டாற்றப் பண்டாரசாமிகள் என்னும் வேறு துறவியர் 1640 முதல் தோன்ற வேண்டியதாயிற்று. பெரியோர் வாழ்விலும் நிறையொடு குறையையும் ஆராய்ந்தறிதல் கற்போர் கடன்.

எனினும், தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று. வீரமாமுனிவர் இந்நாட்டிற்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை அவர் இயற்றினார். கோவில், குரு, அருள், பூசை ஆகிய சொற்களைக் கிறித்தவர் வழக்கிற் புகுத்தினார்.

முதுமையிற் கண்ணொளி மங்கிய நொபிலி, யாழ்ப்பாணத்திற் சில காலம் தங்கிப் பின் மயிலாப்பூரை அடைந்தார். 1656-இல் அங்கேயே உயிர்நீத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் தமிழரிடையே வாழ்ந்தார். பிறர்க்கு ஒன்றைக் கற்பிக்க விழைவோர் முதலில் அவரிடமிருந்து கற்கவேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடமாகும்.