கலைவீரர் எம். ஜி. இராமச்சந்திரன்

களனியாற்றைக் கடந்து பேலியகொடை வழியாகக் கண்டி நோக்கிச் செல்லும் பெருந்தெருவை நம் கல்லூரி மாணவர் நன்கறிவர். அத்தெரு சென்றேறும் மலைநாட்டிலே, நாவலப்பிட்டியில், 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பிறந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவருடைய அரசியலை ஆராய்வார் பலர். யான் ஈண்டுக் கூறப் புகுவது அவர் பயின்ற வீரக்கலையைப் பற்றியதேயாம். விண்கலமும் விந்தைக் கருவியும் தோன்றும் கற்பனைப் படத்திலே காட்டப்படும் சண்டை மெய்யான கலையாகுமா, வெறுங் கண்கட்டு வித்தையா என்று மாணவர் அடிக்கடி வினவுவதுண்டு. அதற்கு அவர் வாழ்க்கை நல்ல விடையாகும்.

தந்தையார் மருதூர் கோபாலமேனன், மைந்தர் மழலை மாறுமுன்னரே காலமாயினார். அன்னையார் சத்தியபாமை மக்களோடு கடல் கடந்து சென்று, கும்பகோணத்தில் வறுமையோடு போராடினார். பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. தமையனார் சக்கரபாணியும் இவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தனர். உடலையும் குரலையும் ஒருங்கே பழக்கும் அக்கடும் பயிற்சியே இவருக்குக் கல்லூரியாயிற்று.

1936இல் ‘சதிலீலாவதி’யிற் சிறுவேடம் பெற்றவர், கதாநாயகனாவதற்குப் பதினோராண்டு காத்திருந்தார். 1947இல் ‘ராஜகுமாரி’ வெளிவந்தது. பின்னர் ‘மர்மயோகி’, ‘நாடோடி மன்னன்’ முதலிய படங்களால் அவர் வாள்வீச்சு நாடெங்கும் புகழ்பெற்றது.

1959இல் சீர்காழியில் நாடகமேடையிலே, குண்டுமணி என்னும் பருத்த நடிகரைத் தூக்கியபோது அவர் கால் முறிந்தது. இனி இவர் சண்டைக் காட்சிகளில் நடித்தல் அரிது என எண்ணினோர் பலர். அவரோ மீண்டும் பயின்று எழுந்தார். 1963இல் அவர் நடித்த இரு படங்கள் ஈண்டுக் கருதத்தக்கன. ‘பெரிய இடத்துப் பெண்’ணிலே நாட்டுப்புறச் சிலம்பப் போட்டி இடம்பெற்றது. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யிலோ வேற்றுக் கோளினர் இசை கற்கும் பொருட்டு ஒரு நங்கையைக் கவர்ந்து செல்கின்றனர், அவளை மீட்க உழவனொருவன் விண்வெளிக்கே செல்கின்றான். ஒன்று மண்ணின் கதை, மற்றொன்று விண்ணின் கதை. எனினும் இரண்டிலும் பொருதவை ஒரே கையும் காலுமே. கதை எத்துணைத் தொலைவு பறப்பினும், பயின்ற உடல் தன் இயல்பை விட்டு அகலவில்லை.

1967 சனவரி 12இல் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்திற் பாய்ந்தது. உயிர் தப்பினார், குரலோ பழைய தெளிவை இழந்தது. ஆயினும் 1971இல் வெளிவந்த ‘ரிக்சாக்காரன்’ படத்துக்காக இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். 1973இல், தம் ஐம்பத்தாறாம் அகவையில், ‘உலகம் சுற்றும் வாலிப’னைத் தாமே தயாரித்து இயக்கி நடித்தார். மின்னலின் ஆற்றலை அடக்கும் வழியைக் கண்ட அறிஞன், அது தீயோர் கையிற் சேருமோ என அஞ்சுவதே அக்கதையின் கரு. யப்பான் முதலிய கீழைநாடுகளிலே படமாகிய அதில், அயல்நாட்டுச் சண்டைமுறைகளின் சாயலும் கலந்தது. உலகெங்கும் கீழைநாட்டுப் போர்க்கலையைப் பரப்பிய புரூஸ் லீ மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

திரையிற் காணும் சண்டை முன்னரே வகுத்த ஒழுங்கு என்பதை மறைத்தல் வேண்டா. இடர்மிக்க காட்சிகளில் ‘டூப்’ எனப்படும் மாற்று நடிகரும் உழைத்தனர். அடிபடாத அடியும் வெட்டாத வாளுமே அங்குள்ளன. எனினும் அடி வைக்கும் அளவும் மூச்சின் அடக்கமும் எதிரியைக் காயப்படுத்தாது விலகும் கண்ணும் பொய்யல்ல. நாட்பட்ட பயிற்சியின்றி இவை வாரா. கதை பொய்யாகலாம், பயிற்சி பொய்யாகலாகாது.

1977இல் தமிழ்நாட்டு முதலமைச்சரான அவர், 1987 திசம்பர் 24ஆம் நாள் அப்பதவியிலிருந்தபோதே மறைந்தார். அவரது வாள்வீச்சைக் கண்டு மகிழும் இளைஞர், முறிந்த காலோடு அவர் மீண்டும் பயின்ற நாள்களையும் நினைத்தல் வேண்டும். கைதட்டுதல் எளிது, கைபழகுதல் அரிது. அவ்வரிய நெறியையே நம் மாணவச் செல்வர் கைக்கொள்வாராக!