கொடுமுடிக் கோகிலம்

நாடக மேடையேறிய பெண்டிரைப் பற்றி நம் நாட்டார் கொண்டிருந்த எண்ணம் ஒரு காலத்தில் மிகத் தாழ்ந்ததாயிருந்தது. இரவில் விளக்கொளியில் அவர்தம் பாட்டைக் கேட்டுக் கரகோஷஞ் செய்தவர்களே, பொழுது புலர்ந்ததும் அவரைத் தம் இல்லத்துத் திண்ணையில் இருத்தவும் மனங்கொள்ளார். அத்தகைய காலத்தில் வறுமையிற் பிறந்து, மேடையில் வளர்ந்து, இளமையிலேயே கணவனை இழந்து, ஆயினும் தமக்குரிய மரியாதையை நாட்டாரிடம் பெற்றே தீர்ந்த ஒரு மாதரசியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அவரே இசையரசி கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்னும் சிவத்தலத்தில் 1908-ஆம் ஆண்டில் அம்மையார் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் எழுத்துக்களுள் முன்னது ஊரையும் பின்னது தாய் பாலாம்பாளையும் குறிப்பன. தந்தையின் பெயர் அங்கில்லை. மக்களை வளர்க்கும் பாரம் முழுவதையும் தாயே சுமந்தார். அடுப்பு எரியாத நாட்கள் அக்குடும்பத்திற்குப் புதியனவல்ல. பள்ளியிற் பயிலவேண்டிய பருவத்தில் அச்சிறுமி ரயில் வண்டிகளிற் பாடி, பிரயாணிகள் இட்ட காசைத் தாயிடம் சேர்ப்பித்தாள். குருவிடம் முறையாகச் சங்கீதம் பயிலும் வாய்ப்பு அன்று அவளுக்கு இல்லை. வண்டிச் சக்கரங்களின் ஓசையை மேற்கொண்டு ஒலிக்கவேண்டிய தேவையே அவளுக்கு முதல் ஆசானாயிற்று எனலாம்.

அக்குரலின் செய்தி வேலு நாயரின் நாடகக் கம்பெனிக்கு எட்டியது. நல்லதங்காள் சரித்திரத்தில் பசியால் வாடும் பிள்ளையாகச் சிறுமி மேடையேறினாள். பசியை நடித்துக் காட்ட அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கேட்டவர் கண்ணீர் உகுத்தனர். பின்னர் ஆண் வேடம், பெண் வேடம் இரண்டிலும் தேர்ந்து, கடல் கடந்து இலங்கையிலும் புகழ் பெற்றார்.

அந்நாளைய மேடையைப் பற்றி இக்கால மாணவர் சிறிது அறிதல் நலம். ஒலிபெருக்கி இல்லை. ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் விஞ்சி, கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவன் செவியிலும் ஒவ்வொரு சொல்லும் விழுமாறு விடியுமட்டும் பாடவேண்டும். ஸ்பெஷல் நாடகம் எனப்படுவதிலோ, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர் ஒத்திகையின்றி ஒரே இரவில் எதிரெதிரே நிற்பர். பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு உடனுக்குடன் தொடுக்க இயலாதவர் ரசிகர்முன் தலைகுனிய நேரிடும்.

இத்தகைய மேடையில் அந்நாளில் நிகரற்று விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவரோடு சேர்ந்து பாடுதல் இயலாதென்று பலர் அச்சுறுத்தியும் சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை. 1926-இல் இலங்கையில் இருவரும் இணைந்து மேடையேறினர். எதிர்பார்த்த தோல்வி நிகழவில்லை. இரு குரல்களும் ஒன்றையொன்று உயர்த்தின. மறு ஆண்டு அவர்கள் மணம் புரிந்து கொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், குலமும் வேறு. ஆதலின் இல்வாழ்க்கை அமைதியாக நடைபெறவில்லை. பிறந்த மகவும் சில நாட்களிலேயே மறைந்தது. பிரிவும் மனத்தாங்கலும் தொடர்ந்தன. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், தமது 27-ஆம் பிராயத்தில் கிட்டப்பா உலக வாழ்வை நீத்தார். சுந்தராம்பாளுக்கு அப்பொழுது வயது 25.

அன்று முதல் அம்மையார் வெண்ணிற ஆடையன்றி வேறு உடுத்திலர். எந்த ஆடவருடனும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அக்காலத்து நடிகை ஒருவருக்கு இவ்வுறுதி எத்துணை அருமையானது என்பதைச் சிந்திக்க வேண்டும். காதற் காட்சிகளே நாடகத்தின் உயிராயிருந்தன. அவற்றை மறுப்பது பிழைப்பையே மறுப்பதற்கு ஒப்பாகும்.

பேசும்படம் நம் நாட்டிற்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. நந்தனார் சரித்திரத்தைப் படமாக்க விரும்பிய முதலாளி ஒருவர் அம்மையாரை அணுகினார். மனமில்லாத அம்மையார், கேட்டவர் தாமே விலகிச் செல்லட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் வேண்டுமென்றார். அந்நாளில் அது எவரும் கேட்டறியாத தொகை. வந்தவரோ இசைந்துவிட்டார்! சொன்ன சொல்லை மாற்றலாகாதென்று அம்மையாரும் உடன்பட்டார். 1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். அம்மையாரின் விரதமும் பங்கமுறவில்லை. படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. பத்திரிகைகள் அதனைக் கடுமையாகவே கண்டித்தன. ஆயினும் கோவிலுள் நுழையலாகாதென்று தடுக்கப்பட்ட அடியவரின் ஏக்கத்தை, உலகம் ஒதுக்கி வைத்த மேடைக்குலத்துப் பெண்ணொருத்தியின் குரல் பாடிற்று என்பது நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் மணிமேகலை, ஒளவையார், பூம்புகாரில் கவுந்தியடிகள் ஆகிய வேடங்களைத் தாங்கினார். அவை யாவும் துறவும் அறிவும் பக்தியும் நிறைந்த பாத்திரங்கள். வாழ்க்கை தமக்கு விட்டுவைத்த எல்லைக்குள்ளேயே தமது கலையை அவர் விரித்துக் கொண்டார். தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் தேசிய கீதங்களைப் பாடி, விடுதலை உணர்ச்சியைச் சிற்றூர்கள்தோறும் பரப்பினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-இல் இயற்கை எய்தினார்.

நண்பர்காள்! அம்மையார் கல்லூரி கண்டவரல்லர், பட்டம் பெற்றவரல்லர். துயரம் வந்தவிடத்து ஒரு கோடு கிழித்து, அதனைப் பொருளுக்காகவும் புகழுக்காகவும் தாண்டாதிருந்தார். அக்கோட்டைக் கண்டபின்னரே உலகம் அவரை அம்மையார் என்று அழைக்கத் தொடங்கிற்று. நம்முன் வரும் இச்சகங்களையும் இடர்களையும் எண்ணுங்கால், ரயில் வண்டியிற் பாடி நின்ற அச்சிறுமியை ஒருமுறை நினைத்துக் கொள்வோமாக.